பச்சை தெரிந்தால் போதுமா? சுரங்க நிலத்தில் வளர்த்த காட்டை மதிப்பிடும் முறை

சுரங்க வேலை முடிந்த ஓர் இடத்தைப் பற்றிய அறிக்கைகளில் இரண்டு புகைப்படங்களை அருகருகே அச்சிடுவது வழக்கம். முதல் படத்தில் வெட்டவெளியாகக் கிடக்கும் குழி. இரண்டாம் படத்தில் அதே இடம் பச்சைப்பசேலென்று மரங்களோடு நிற்கும். பார்த்தவுடன் மனம் நிறைந்துவிடுகிறது. ஆனால் படம் எடுத்த அந்த நாளில் அங்கே இலைகள் இருந்தன என்பதற்கு மேல் அந்த இரண்டாம் படம் எதையும் சொல்வதில்லை. அவை எந்த மரத்தின் இலைகள், கீழே இருக்கும் மண் அவற்றை இன்னும் எத்தனை ஆண்டுகள் தாங்கும், தண்ணீர் வண்டி வருவது நின்ற பிறகு அவை என்ன ஆகும், அந்த மரங்களின் விதை அதே மண்ணில் விழுந்து தானாக முளைக்குமா என்ற கேள்விகளுக்கெல்லாம் படத்தில் விடை இல்லை. இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும் துறையின் அடிப்படைகளை, தாவரவியலோ புள்ளியியலோ படிக்காதவர்களும் புரிந்துகொள்ளும் வகையில் இங்கே விளக்க முயல்கிறேன்.

சுரங்க நிலத்தில் மரம் நடுவது ஏன் தனிச் சிக்கலாக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சாதாரணமாக வெட்டப்பட்ட காட்டில் வேர்க்கட்டைகள் மிஞ்சியிருக்கும். மண்ணுக்குள் விதைகள் உறங்கிக்கொண்டிருக்கும். வேர்களோடு கூடி வாழ்ந்து அவற்றுக்குச் சத்தைத் தேடித் தரும் பூஞ்சைகளும் அங்கேயே இருக்கும். நல்ல மழை இரண்டு பெய்தால் அந்தக் காடு தானாகத் துளிர்க்கத் தொடங்கும். திறந்தவெளிச் சுரங்கமோ அந்த மண்ணையே அகற்றிவிடுகிறது. நெய்வேலியைப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள். பழுப்பு நிலக்கரியை எட்டுவதற்காக, அதன்மேல் பல பத்து மீட்டர் தடிமனுக்குக் கிடக்கும் மணற்பாறையையும் களிமண்ணையும் ராட்சத எந்திரங்கள் வாரி எடுத்து வேறிடத்தில் மலைபோலக் குவிக்கின்றன. ஆழத்தில் கிடந்த பொருள் மேலே வந்துவிடுகிறது. அதில் மக்கு இல்லை, தழைச்சத்து இல்லை, விதை இல்லை, உயிரினங்களும் இல்லை. சில நிலக்கரிச் சுரங்கங்களில் வெளிவரும் பாறையில் இரும்பு சல்பைடு கலந்திருக்கும். அது காற்றும் நீரும் பட்டவுடன் கந்தக அமிலமாக மாறி வேரைக் கருக்கும். இவற்றின் மேல் நூறு டன் எடையுள்ள வண்டிகள் ஓடி ஓடி, நிலம் சிமெண்டுத் தரைபோல் இறுகிவிடுகிறது. ஆகவே இங்கே மரம் நடுபவர் இருக்கும் மண்ணில் நடவில்லை. மண் உருவாவதற்கான வேலையைத் தொடங்கி வைக்கிறார். அவர் வெற்றி பெற்றாரா என்று கேட்கும்போது, மரத்தைவிட மண்ணைப் பற்றித்தான் அதிகம் கேட்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது, வெற்றி என்ற சொல் எதைக் குறிக்கிறது என்பது. மண் சரியாமல், மழையில் அரித்து ஆற்றில் சேராமல் நின்றால் போதும் என்பது ஒரு நோக்கம். மாடு மேய்க்கவோ பயிர் செய்யவோ உதவும் நிலமாக மாற்றுவது மற்றொன்று. சுரங்கத்துக்கு முன் அங்கே இருந்த காட்டையே, அதன் மரம், செடி, பூச்சி, பறவை எல்லாவற்றோடும் திரும்பக் கொண்டுவருவது மூன்றாவது. இதுவே மிகக் கடினமானது. முதல் நோக்கத்துக்கு ஒரு புல்வெளி முழு வெற்றி. மூன்றாவது நோக்கத்துக்கு அதே புல்வெளி முழுத் தோல்வியாக இருக்கலாம். எனவே எந்த நோக்கம் என்பதைச் சுரங்கம் தோண்டுவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். வேலை முடிந்தபின் கிடைத்ததைப் பார்த்து நோக்கத்தை வகுத்தால் எல்லா நிலமும் தேறிவிடும்.

இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 8 அன்று ஓர் ஆணை பிறப்பித்தது. சுரங்கக் குத்தகை பெற்றவர்கள் வேலை முடிந்தபின் அந்த நிலத்தில் மறுபடி புல் வளர்க்க வேண்டும், தீவனமும் தாவரங்களும் விலங்கினங்களும் வாழத் தகுந்த நிலைக்கு அதைக் கொண்டுவர வேண்டும் என்பதை நிபந்தனையாகவே சேர்க்குமாறு அரசுக்கு அது சொன்னது. அதே மாதத்தில் சுற்றுச்சூழல் அமைச்சகமும் இதை அனுமதி நிபந்தனைகளில் சேர்த்தது. மிகவும் வேண்டியிருந்த ஆணை இது. ஆனால் ‘தகுந்த நிலை’ என்பதை யார், எப்போது, எந்த அளவுகோலால் சொல்வது என்பது அந்தச் சொல்லுக்குள் இல்லை. நம் நாட்டில் பெரும்பாலும் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையும், அவற்றில் எத்தனை பிழைத்தன என்ற விகிதமுமே சொல்லப்படுகின்றன. இது தேவையான தகவல்தான். என்றாலும், மூன்றாம் ஆண்டில் நூற்றுக்கு எண்பது கன்று உயிரோடு இருக்கிறது என்பது நாற்றங்கால் நன்றாக இருந்தது, காவலாள் ஆடுமாடு வராமல் பார்த்துக்கொண்டார், தண்ணீர் ஊற்றினார்கள் என்பதையெல்லாம் காட்டுமே தவிர, காடு உண்டானது என்பதைக் காட்டாது.

அளவுகோலைத் தவறாகத் தேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா முதலிய மாநிலங்களில் பரவியிருக்கும் இந்த மலைகளில், ஓக்கும் மேப்பிளும் மற்ற அகன்ற இலை மரங்களும் செழித்த காடுகளுக்கு அடியில் நிலக்கரி கிடக்கிறது. பல பத்தாண்டுகளாக அதை வெட்டியவர்கள் குழியை அப்படியே விட்டுப் போனார்கள். மண் சரிந்து ஊர்களின்மேல் விழுந்தது, ஓடைகள் அமில நீராயின. இதற்கு முடிவு கட்ட 1977 ஆகஸ்டு 3 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். சுரங்க நிறுவனம் முன்கூட்டியே ஒரு பிணைத்தொகை கட்ட வேண்டும். நிலத்தைச் சீர்செய்து, தாவரம் நிலைத்துவிட்டது என்று மெய்ப்பித்த பின்தான் அது முழுமையாகத் திரும்பக் கிடைக்கும். ஆண்டுக்கு 26 அங்குலத்துக்கு மேல், அதாவது ஏறத்தாழ 660 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடங்களில் 5 ஆண்டுகளும், அதைவிட வறண்ட இடங்களில் 10 ஆண்டுகளும் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். தரையை மூடிய தாவரப் போர்வையும், விளைச்சலும், மரங்களின் எண்ணிக்கையும் வகுக்கப்பட்ட அளவில் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் தேர்ச்சி. அந்தக் காலத்தில் உலகின் வேறெந்தச் சட்டமும் இவ்வளவு தெளிவாகப் பேசியிருக்குமா என்பது ஐயமே.

ஆயினும் அங்கே நடந்தது வேறு. மண்சரிவுக்கும் அரிப்புக்கும் அஞ்சிய அதிகாரிகள் நிலத்தைச் சமமாக, வழுவழுப்பாக, இறுக்கமாக அமைக்கச் சொன்னார்கள். தரையை வேகமாக மூட வேண்டும் என்பதால் நிறுவனங்கள் அயல்நாட்டு ஃபெஸ்கியூ புல்லையும், லெஸ்பிடீசா என்ற பயறுவகைச் செடியையும் அடர்த்தியாக விதைத்தன. இரண்டும் எந்த மோசமான மண்ணிலும் வளரும். ஓரிரு ஆண்டில் தரை தெரியாமல் மூடிவிடும். அளவீட்டாளர் வந்து பார்த்தபோது எல்லா எண்ணும் சரியாக இருந்தது, பிணைத்தொகை திரும்பியது. ஆனால் அந்தப் புல்லுக்கு இடையில் விழுந்த மர விதைகளுக்கு ஒளியும் கிடைக்கவில்லை, நீரும் கிடைக்கவில்லை. முளைத்த ஒன்றிரண்டும் இறுகிய மண்ணில் வேரிறக்க முடியாமல் குறுகின. பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழிந்தும் பரந்த பரப்புகள் புல்லும் புதருமாகவே நின்றுவிட்டன. 1977-க்கு முன்பு யாரும் கவனிக்காமல் தளர்வாகக் கொட்டிவிட்டுப் போன சில மண்மேடுகளிலோ மரங்கள் ஓங்கி வளர்ந்திருந்தன. பழைய அலட்சியம் நல்லது என்று இதற்குப் பொருளில்லை. அந்த அலட்சியத்தால் மக்கள் பட்ட துன்பம் பெரிது. தரையில் எவ்வளவு பச்சை இருக்கிறது என்று சட்டம் கேட்டது. நிறுவனங்கள் அந்தப் பச்சையையே கொடுத்தன. அங்கே காடு வர வழியிருக்கிறதா என்ற கேள்வி விண்ணப்பப் படிவத்தில் இல்லை.

2004-ல் அப்பலாச்சிய வட்டார மறுகாடாக்க முயற்சி என்ற பெயரில் அரசு அலுவலர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூடி இந்தத் தவறைத் திருத்தத் தொடங்கினார்கள். அவர்கள் பரிந்துரைத்த ஐந்து படிகள் எளியவை. வேர் ஓடுவதற்கு ஏற்ற பொருளால் குறைந்தது 1.2 மீட்டர் ஆழத்துக்கு மேற்பரப்பை அமைக்க வேண்டும். அதை அழுத்தாமல் தளர்வாக விட வேண்டும். மரக்கன்றோடு போட்டியிடாத செடிகளை மட்டும் தரைப் போர்வையாக விதைக்க வேண்டும். மண்ணைக் காத்து விலங்குகளுக்கும் உதவும் முன்னோடி மரங்களையும் நீண்ட கால மதிப்புள்ள மரங்களையும் சேர்த்து நட வேண்டும். நடும் முறையைச் சரியாகச் செய்ய வேண்டும். கவனித்துப் பாருங்கள்: முதல் இரண்டு படிகளும் ஆண்டுகள் கழித்து ஆகாயத்திலிருந்து பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியவே தெரியாதவை. ஆனால் மற்ற எல்லாம் அவற்றைப் பொறுத்தே அமைகின்றன.

இனி ஒப்பீடு என்ற கருத்துக்கு வருவோம். ஒரு நிலத்தில் 40 வகைச் செடிகள் இருக்கின்றன என்றால் அது நிறையவா, குறைவா? அந்த எண்ணுக்குத் தனியாகப் பொருளில்லை. அருகில், அதே மழை பெய்யும், அதே பாறையின்மேல் அமைந்த, சுரங்கம் படாத காட்டில் எத்தனை வகை என்று தெரிந்தால்தான் பொருள் வரும். இப்படி அளவாக வைத்துக்கொள்ளும் நிலத்தை ஒப்பீட்டு நிலம் என்று சொல்லலாம். ஒன்றை மட்டும் தேர்ந்தால் போதாது. இயற்கைக் காட்டிலேயே ஓடைக்கரையில் ஒன்றும் மேட்டில் ஒன்றுமாக வேறுபாடு இருக்கும். பல இடங்களை எடுத்து, அவற்றுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வு எவ்வளவு என்று அறிந்து, புதிய நிலம் அந்த ஏற்றத்தாழ்வுக்குள் வருகிறதா என்று பார்ப்பதே நேர்மை. அளக்கும் பரப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய பரப்பில் தேடினால் அதிக வகைகள் கிடைக்கும் என்பது தாவரவியலின் பழைய பாடம். நூறு சதுர மீட்டரில் எண்ணிய காட்டையும் ஆயிரம் சதுர மீட்டரில் எண்ணிய நடவையும் ஒப்பிட்டால் நடவு வென்றுவிடும்.

ஒப்பீட்டைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த இடம் என்று உலகில் பலரும் சுட்டுவது மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் உள்ள ஜார்ரா காடு. ஜார்ரா என்பது அங்கு மட்டுமே வளரும் ஒரு வகை யூகலிப்டசு. செந்நிற வைரம் பாய்ந்த பெருமரம். அந்தக் காட்டு மண்ணின் அடியில் பாக்சைட், அதாவது அலுமினியத் தாது, சில மீட்டர் தடிமனில் திட்டுத்திட்டாகக் கிடக்கிறது. அல்கோவா நிறுவனம் 1963-ல் அங்கே சுரங்கம் தொடங்கியது. 1966 முதல் வெட்டி முடித்த குழிகளில் மறுபடி மரம் வளர்த்து வருகிறது. ஆகவே அறுபது ஆண்டு வரலாறு நம் கண்முன் இருக்கிறது, அதுவே அந்த இடத்தின் பெரிய மதிப்பு.

தொடக்கத்தில் நட்டவை பைன் மரங்களும், ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியிலிருந்து கொண்டுவந்த யூகலிப்டசு வகைகளும்தான். இதற்கு ஒரு காரணம் இருந்தது. பைட்டோஃப்தோரா சின்னமோமி என்ற, மண்ணில் பரவி வேரை அழுகச் செய்யும் நுண்ணுயிர் அந்தக் காட்டை வாட்டிக்கொண்டிருந்தது. ஜார்ரா பிழைக்காது என்று அஞ்சி, நோயைத் தாங்கும் வெளியூர் மரங்களைத் தேர்ந்தார்கள். அந்த மரங்கள் உயரமாக, அடர்த்தியாக வளர்ந்தன. விமானத்திலிருந்து பார்த்தால் காடுதான். ஆனால் அது அந்த மண்ணின் காடு அல்ல. 1988 முதல் அங்கேயே பிறந்த வகைகளை மட்டும் பயன்படுத்துவது என்று முறை மாறியது. மரம் மட்டும் போதாது என்பதும் உணரப்பட்டது. ஏனென்றால் ஜார்ரா காட்டின் வளம் மேலே நிற்கும் இரண்டு மூன்று மர வகைகளில் இல்லை, கீழே முழங்கால் உயரத்தில் பூக்கும் நூற்றுக்கணக்கான சிறு செடிகளில் இருக்கிறது.

அந்தச் செடிகளை எப்படிக் கொண்டுவருவது? இங்கேதான் மேல்மண்ணின் அருமை தெரிகிறது. அக்காட்டின் விதை இருப்பு பெரும்பாலும் மண்ணின் மேற்புறத்துச் சில சென்டிமீட்டரில் அடங்கிவிடுகிறது. அந்த மெல்லிய அடுக்கைத் தனியாகச் சீவி எடுத்து, எங்கேயும் குவித்து வைக்காமல், நேராக வெட்டி முடித்த வேறொரு குழிக்குக் கொண்டுபோய்ப் பரப்பினால் உறங்கும் விதைகள் உயிரோடு போய்ச் சேரும். மாதக்கணக்கில் குவித்து வைத்தால் ஈரத்தில் முளைத்து மடியும், அல்லது அழுகும். மீண்ட நிலத்தில் காணும் செடி வகைகளில் பெரும்பகுதி இப்படி மேல்மண்ணோடு வந்தவையே. கையால் விதைத்தவை சிறுபகுதிதான். சில விதைகள் காட்டுத்தீயின் புகை பட்டால்தான் முளைக்கும். அந்தப் புகையில் உள்ள வேதிப்பொருள் எது என்பதை 2004-ல் மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்களே கண்டுபிடித்தார்கள். விதைக்கு முன் புகை காட்டுவது இன்று வழக்கமான வேலை முறையாகிவிட்டது. நம் ஊரில் விதை நெல்லுக்குச் செய்யும் பக்குவத்தைப் போல அங்கே காட்டு விதைக்குச் செய்கிறார்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு, விதைத்த பதினைந்தாம் மாதத்தில் குறிப்பிட்ட பரப்பில் எத்தனை உள்ளூர் வகைகள் முளைத்திருக்கின்றன என்று எண்ணி, பக்கத்துக் காட்டின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டார்கள். நூற்றுக்கு நூறு என்பதே இலக்காக வைக்கப்பட்டது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சராசரியாக அந்த இலக்கும் எட்டப்பட்டது. இது உண்மையான சாதனை. அதைக் குறைத்துச் சொல்வது தவறு. ஆனால் தொடக்க நிலை வாசகர் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ‘எத்தனை வகை’ என்பதும் ‘எந்தெந்த வகை’ என்பதும் வேறுவேறு. காட்டில் 50 வகை, நடவிலும் 50 வகை என்றால் எண்ணிக்கை சமம். ஆனால் அந்த இரண்டு ஐம்பதிலும் பொதுவாக இருப்பவை முப்பதாக இருக்கலாம். வராமல் போன இருபது எவை என்று கேட்டால்தான் கதை விளங்கும்.

ஜார்ரா காட்டில் வராமல் அடம்பிடித்தவை தற்செயலான ஒரு கூட்டமல்ல. அவற்றில் பெரும்பாலானவை கோரை போன்ற புல்வகைச் செடிகளும் மற்றவையும் சேர்ந்த, தீ பட்டு மேலே கருகினாலும் நிலத்தடியில் உள்ள கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் இனங்கள். இப்படிப்பட்டவை நூறு ஆண்டு ஒரே இடத்தில் இருந்துகொண்டு, அரிதாகத்தான் விதை வைக்கும். வைத்த விதையும் எளிதில் முளைக்காது. நடவில் முந்திக்கொண்டு வந்தவை, விதையால் மட்டுமே பெருகும், வேகமாக வளர்ந்து சீக்கிரம் முடியும் இனங்கள். அதிலும், மண்ணுக்கு இட்ட மணிச்சத்து உரத்தால் வேலமர இனச் செடிகள் சில இடங்களில் மற்றவற்றை நெருக்கும் அளவுக்கு அடர்ந்தன. அந்தக் காட்டில் தீ இயல்பான நிகழ்வு. துளிர்க்கும் இனங்கள் குறைந்த நிலத்தில் தீ வந்தால் அது மீளும் விதமும் வேறாக இருக்கும். பதினைந்தாம் மாதத்து எண்ணிக்கை மட்டும் கையில் இருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. இதை அறிந்தே பிற்காலத்தில் திசு வளர்ப்பு முறையில் அந்த அடம்பிடிக்கும் இனங்களை ஆய்வகத்தில் வளர்த்துக் கன்றாக நட்டார்கள். செலவு மிகுந்த, பொறுமை வேண்டிய வேலை.

தாவரத்தை விட்டு எறும்புக்கும் போனார்கள். ஜோனதன் மேஜர் என்ற பூச்சியியல் அறிஞர் அந்தக் குழிகளில் எறும்புகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்தார். எறும்பு ஏன்? அது மண்ணைக் கிளறுகிறது, விதையைச் சுமந்து செல்கிறது, மற்றப் பூச்சிகளை உண்கிறது. பல்வேறு எறும்பினங்கள் நிழல், சருகு, மண்ணின் ஈரம் முதலியவற்றுக்கு ஏற்பவே வந்து குடியேறும். யாரும் நட்டு வைக்காத உயிரினம் ஒன்று தானாக வந்து தங்குகிறது என்பது, நட்ட மரத்தின் உயரத்தைவிட வலுவான சாட்சி. நட்டது பிழைத்ததா என்பதோடு நிற்காமல் நடாதது வந்ததா என்றும் கேட்பது இத்துறையில் நான் மிகவும் மதிக்கும் பழக்கம்.

இதே வழியில் மண்ணையும் கேட்கலாம். டேவிட் டோங்வே என்ற ஆஸ்திரேலிய மண்ணியலாளர் உருவாக்கிய நிலச்செயல்பாட்டு ஆய்வு முறையில், ஒரு கயிற்றைச் சரிவின் போக்கில் கட்டி, அதன் கீழே தரை எப்படி இருக்கிறது என்று அங்குலம் அங்குலமாகக் குறிக்கிறார்கள். சருகு தங்கும் திட்டு எங்கே, நீர் அடித்துக்கொண்டு போகும் வெற்றிடம் எங்கே, மேற்பரப்பு மண் நீரில் போட்டால் கரைகிறதா அல்லது கட்டியாக நிற்கிறதா, சருகு மக்கி மண்ணோடு கலந்திருக்கிறதா அல்லது காய்ந்து மேலேயே கிடக்கிறதா என்று பார்க்கிறார்கள். இவற்றிலிருந்து நிலத்தின் உறுதி, நீரை உறிஞ்சும் திறன், சத்துச் சுழற்சி என்ற மூன்றுக்கும் மதிப்பெண் வருகிறது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். உதிர்ந்த இலை மக்கிச் சத்தாகி அதே மரத்துக்குத் திரும்புகிறதா என்பதே கேள்வி. அது நடக்காவிட்டால் அந்த மரங்கள் இட்ட உரம் தீரும்வரை நிற்கும், பிறகு வாடும்.

அளவெடுப்பில் ஏமாறாமல் இருப்பது பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். முழு நிலத்தையும் எண்ண முடியாது; ஆகவே சிறு சதுரக் கட்டங்களை நிலத்தில் அமைத்து அவற்றுக்குள் இருப்பதை எண்ணி மொத்தத்தை ஊகிக்கிறோம். கட்டத்தை எங்கே வைப்பது என்பதை அளப்பவரின் கால் தீர்மானிக்கக் கூடாது. நடக்க வசதியான, செழிப்பான இடத்துக்கே கால் போகும். சீட்டுக் குலுக்குவதுபோல் முன்கூட்டியே இடங்களைத் தேர்ந்துவிட வேண்டும். இன்னொரு பொறி இதைவிட ஆழமானது. நட்ட நிலத்துக்கும் ஒப்பீட்டு நிலத்துக்கும் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று பல அறிக்கைகள் முடிக்கின்றன. ஆனால் மூன்றே மூன்று கட்டங்களை மட்டும் அளந்தால், எவ்வளவு பெரிய வேறுபாடும் தற்செயலின் இரைச்சலில் மறைந்துவிடும். குறைவாக அளந்தவர் எளிதாகத் தேறுவார், நிறைய அளந்தவர் மாட்டிக்கொள்வார் என்றால் அந்தத் தேர்வு தலைகீழாக இருக்கிறது. அமெரிக்க விதிகள் 90 விழுக்காடு புள்ளியியல் நம்பகத்தோடு மாதிரி எடுக்கச் சொல்வது இதனால்தான். அதற்கும் மேலே போய், நிலம் தேறவில்லை என்று வைத்துக்கொண்டு தொடங்கி, தேறியது என்பதை மெய்ப்பிக்கும் சுமையை நிறுவனத்தின்மேல் வைப்பதே முறை என்பது என் கருத்து. செயற்கைக்கோள் படங்கள் பெரும் பரப்பில் பச்சையின் அளவை ஆண்டுதோறும் காட்டுகின்றன. எங்கே பச்சை குறைகிறது என்று எச்சரிக்க அவை மிக நன்று. ஆனால் யூகலிப்டசுத் தோட்டத்தையும் பழங்காட்டையும் பச்சையின் அளவை மட்டும் வைத்துப் பிரித்துவிட அவற்றால் முடியாது. யாராவது காலால் நடந்தே ஆக வேண்டும்.

இந்தப் பல கேள்விகளையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவர, சூழலியல் மீட்புக்கான பன்னாட்டுச் சங்கம் 2016-ல் வெளியிட்டு 2019-ல் திருத்திய தர நெறிகளில் ஓர் ஐந்து நட்சத்திர அளவுகோல் இருக்கிறது. ஆறு பண்புகளைத் தனித்தனியே மதிப்பிடச் சொல்கிறது அது: அச்சுறுத்தல்கள் நீங்கினவா, மண்ணும் நீரும் சரியான நிலைக்கு வந்தனவா, உரிய இனங்கள் இருக்கின்றனவா, மரம், புதர், தரைச்செடி என்ற அடுக்குகள் அமைந்தனவா, சத்துச் சுழற்சியும் இனப்பெருக்கமும் நடக்கின்றனவா, சுற்றியுள்ள நிலத்தோடு விதையும் உயிரினங்களும் போக்குவரத்தாக இருக்கின்றனவா. ஒன்றில் ஐந்து வாங்கி மற்றொன்றில் ஒன்று வாங்கினால் அது மதிப்பீட்டில் அப்படியே தெரியும். சராசரிக்குள் ஒளிந்துகொள்ள முடியாது. இதே அளவுகோலால் ஜார்ரா காட்டு மீட்பை மதிப்பிட்டு 2024-ல் வெளியான ஓர் ஆய்வு, மொத்தத்தில் 5-க்கு 2 நட்சத்திரமே கொடுத்தது. செடி வகைகளின் எண்ணிக்கையில் உலகுக்கே முன்மாதிரியாக இருந்த இடத்துக்கு இந்த மதிப்பெண் என்பது பலரை அதிரவைத்தது. என் பார்வையில் இரண்டு முடிவுகளும் முரண்படவில்லை. முதல் கேள்வி சிறியது, அதற்கு நல்ல விடை கிடைத்தது. பிந்திய கேள்வி பெரியது.

காலம் என்ற சிக்கல் மிஞ்சுகிறது. பிணைத்தொகை 5 அல்லது 10 ஆண்டில் திரும்ப வேண்டும். காடு அந்தக் காலத்துக்குள் முதிராது. ஆகவே முடிவான நிலையைப் பார்க்காமல் போக்கைப் பார்க்கிறார்கள். இரண்டாம், ஐந்தாம், பத்தாம் ஆண்டுகளில் அளந்தவற்றைக் கோட்டில் வைத்து, அது ஒப்பீட்டுக் காட்டை நோக்கிச் செல்கிறதா, விலகுகிறதா, அப்பலாச்சியப் புல்வெளிபோல் அப்படியே நின்றுவிட்டதா என்று காண்கிறார்கள். நட்ட மரத்தின் நிழலில் அதே மரத்தின் விதைக்கன்று நிற்கிறதா என்பது இதில் எளிய, வலிய அடையாளம். வறட்சியும் தீயும் வந்து போன பிறகு அளப்பது இன்னும் நல்லது. ஒப்பீட்டுக் காடே அசையாமல் நிற்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தென்மேற்கு ஆஸ்திரேலியாவில் 1970-களிலிருந்து குளிர்கால மழை குறைந்துகொண்டே வருகிறது, அங்கே பழங்காடே மாறி வருகிறது. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய நடவை அளப்பது நியாயமாகாது; இரண்டையும் ஒரே ஆண்டில், சேர்த்தே அளக்க வேண்டும்.

ஜார்ரா காட்டில் மூன்று வகைக் கருங்காக்கட்டூக்கள், அதாவது கருநிறப் பெருங்கிளிகள், வாழ்கின்றன. மூன்றும் அருகி வருபவை. சுரங்கம் மூடி மீண்டும் மரம் வளர்ந்த நிலங்களில், ஜார்ராவோடு சேர்ந்து வளரும் மார்ரி மரமும் மற்றவையும் காய்க்கத் தொடங்கியதும், பத்தாண்டுக்குள்ளேயே அவை வந்து காய் கொறிப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கடித்துப் போட்ட காய்கள் மரத்தடியில் கிடக்கும். குனிந்து எடுத்தாலே சாட்சி கிடைக்கும். ஆனால் அவை முட்டையிடுவதற்கு முதிர்ந்த பெருமரத்தின் பொந்து வேண்டும். அவ்வளவு பெரிய பொந்து விழுவதற்கு மரம் நூறு ஆண்டுகளுக்கு மேல், பெரும்பாலும் இரண்டு நூற்றாண்டுகள் நிற்க வேண்டும். 1988-ல் முளைத்த ஜார்ராவுக்கு இன்னும் நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதுவரை அந்தப் பறவைகள் உண்பதற்கு இங்கே வந்து, கூட்டுக்காக, அருகில் மிஞ்சியிருக்கும் பழங்காட்டுக்குத் திரும்பிப் போகின்றன.